முத்துக்கனி அம்மாளின் தொழுவத்தை இடிக்க வேண்டாம்

அனுப்புநர்:
வை. பொன்னுலிங்கம்,
தொடக்கப்பள்ளி ஆசிரியர்,
கீழத்தெரு, சுசீந்திரம்.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
பஞ்சாயத்து அலுவலகம், சுசீந்திரம்.

பொருள்: 6-7-1953 அன்று நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதும், அதன் பேரில் அனுப்பப்பட்ட நோட்டீசை ரத்து செய்யக் கோருவதும்.

கனம் பொருந்திய ஐயா,

1. என் மூன்று வயது மகள் நாகம்மை உறங்கும் அறையின் சுவரில் ஆனி மழையோடு கறுப்புப் பூசணம் பிடித்தது. குழந்தை இருமி இளைத்தாள். சுவரை ஒட்டியிருக்கும் பக்கத்து வீட்டு முத்துக்கனி அம்மாளின் பசுத் தொழுவமே காரணம் என்று எழுதினேன். தாங்கள் என் சொல்லை நம்பி, ஆகஸ்டு 19-க்குள் தொழுவத்தை அகற்றும்படி அவர்களுக்கு நோட்டீசு அனுப்பினீர்கள்.

2. நான் எழுதியது தவறு. அந்த அம்மாள் கைம்பெண். பால் விற்றுத்தான் சீவனம். நோட்டீசு கிடைத்த மறுநாளே பசுவையும் கன்றையும் இராஜாக்கமங்கலத்திலுள்ள தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். பத்து நாள் தொழுவம் வெறுமனே கிடந்தும் என் சுவர் முன்னைவிட ஊறியது. ஏச வருகிறார்கள் என்று எண்ணி நான் உள்ளே போகப் பார்த்த வேளையில், வேலிக்கு அப்பால் நின்று அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: "சாரே, எனக்க தொழுவு காஞ்சு கெடக்கு. ஒங்களுக்க செவரு மேலேருந்துல்லா நனையுது. ஓட்டைப் பாத்தியளா?"

3. கொத்தனார் ராஜமணி கூரைமேல் ஏறிப் பார்த்ததில் மூன்று ஓடுகள் உடைந்திருந்தன. சித்திரையில் முருங்கைக்காய் பறிக்க நானே ஏறி மிதித்த இடம் அது. போதாததற்கு, சாணி வாடைக்கு அஞ்சி அந்த அறையின் சன்னலை ஆணியடித்து மூடியவனும் நானே. பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்துத் தூள் பறக்கவிட்டு, அதன்மேல் சுண்ணாம்பும் அடித்தேன். அன்று இரவுதான் குழந்தைக்கு மூச்சு மிகவும் முட்டியது. இதை முதல் புகாரில் மறைத்தேன்.

4. ஆஸ்பத்திரி நர்சு இசபெல் அம்மையார் சொன்ன முறைப்படி இம்முறை செய்தோம். முதலில் ஓடு மாற்றினோம். குழந்தையை அறைப்பக்கம் விடவில்லை. நான் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, தூள் எழாதபடி சுவரை நனைத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவினேன். உளுத்த பூச்சை ஈரத்தோடு சுரண்டி, பூசணம் ஏறிய பாயோடும் மெத்தையோடும் தோட்டத்தில் குழிதோண்டிப் புதைத்தேன். சன்னலைத் திறந்து, சுவர் நன்றாகக் காய்ந்த பின்னரே வெள்ளையடித்தோம். கட்டில் இப்போது சுவரைத் தொடுவதில்லை.

5. இந்த வேலை நடந்த ஏழு நாளும் நாகம்மை எங்கே இருந்தாள் என்பதையும் தங்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். என் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்கப் போனபோது, "கேக்கவா வேணும்? பிள்ளையை இங்க கொண்டாங்க மக்கா" என்று முத்துக்கனி அம்மாளே தூக்கிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் இரண்டாம் நாளே இருமல் தணிந்தது. திங்கட்கிழமை முதல் அவள் தன் அறையில் உறங்குகிறாள். நான்கு இரவுகளாக ஓர் இருமல்கூட இல்லை. இரண்டு மாதத்துக்குப் பின் நானும் என் மனைவியும் விடியும்வரை உறங்கினோம்.

6. ஆகவே அந்த நோட்டீசை ரத்து செய்யுமாறு பணிவோடு வேண்டுகிறேன். தவறான தகவல் தந்ததற்கு அபராதம் உண்டெனில் அதை என் பேரில் விதிக்கவும். பசுவை அழைத்து வரலாம் என்று நான் அந்த அம்மாளிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். "ஆபீஸ் கடுதாசி வரட்டும் சாரே" என்கிறார்கள். என் வாக்கை அவர்கள் நம்பாததில் எனக்கு வருத்தமில்லை. நாள் குறைவாக இருப்பதால், அக்கடிதத்தைத் தாங்கள் என் கையில் கொடுத்தனுப்பினால், அன்றே அவர்கள் வாசலில் நின்று வாசித்துக் காட்டிவிட்டு, இராஜாக்கமங்கலத்துக்கு நானே நடந்துபோய்ப் பசுவையும் கன்றையும் ஓட்டி வருவேன்.

இடம்: சுசீந்திரம்
நாள்: 14-8-1953

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வை. பொன்னுலிங்கம்