கப்பல்மண் தோட்டத்துக் கல்லெழுத்து

முகில் தவறாத மலையும் மீன் தவறாத கடலும் எல்லையாக உடைய மருதவேலி நாட்டை ஆளும் நெடுங்கோளன், முகிற்கோட்டை அரண்மனையிலிருந்து எழுதுவித்த ஓலை. வெண்பவளத்துறைப் பட்டினத்தின் காவல் பூண்ட துறைநாயகர் கோளரி அரையர் கண்டு தெளிக. உமக்கும், உம் பட்டினத்தில் வலை வீசுவோர்க்கும் உப்பு விளைப்போர்க்கும் சுமை தூக்குவோர்க்கும் நலமே பெருகுக. ஓலையைப் பிரித்ததும் நடுங்க வேண்டா. நாம் சினத்தில் இல்லை.

உம் பட்டினத்துப் பழைய கட்டடங்களையும் தோட்டங்களையும் அந்தந்தத் தெருவாரே தேர்ந்து பட்டோலை எழுத வேண்டும் என்றும், பட்டோலையில் ஏறியதை எவரும் இடிக்கலாகாது என்றும் சென்ற தை மாதத்தில் ஆணையிட்டோம். எம் குலத்தார் உண்டாக்கியதாகக் கல்லெழுத்து உள்ளவை மட்டுமே ஏறும் என ஒரு விதியையும் சேர்த்தோம். நாற்பது வரும் என எண்ணியிருந்தோம். நீர் அனுப்பியதிலோ இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

அவற்றுள் ஏழு எம் பாட்டனார் கட்டியவையாம். அலையோசை கேட்டாலே பல்லக்கைத் திருப்பச் சொன்னவர் அவர். உம் பட்டினத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அவர் அங்கே உப்புக் கிடங்கும் மோர்ப்பந்தலும் கருவாட்டுக் கொட்டகையும் எழுப்பினார் என்று படிக்கக் கேட்டபோது பேரமைச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். நாமோ வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கல்லெழுத்துகளில் பல புதிதாக வெட்டியவை என்று நீர் பின்னர் கண்டறிந்ததையும், வெட்டிய கல்தச்சன் விடுகாதனை விலங்கிட்டதையும் உம் இரண்டாம் ஓலையால் அறிந்தோம். அரசர் பெயரைப் பொய்யாக வெட்டியவனின் கட்டைவிரலைத் துண்டிக்கவும், இப்பொய் தொடங்கிய கப்பல்மண் தோட்டத்தை அழித்துக் குதிரைலாயம் கட்டவும் எம் ஒப்புதல் கேட்டிருந்தீர்.

அவ்வோலையின் பின்னாலேயே, துறையில் சுமை தூக்கும் ஆழியாள் என்பவள் பன்னிரண்டு நாள் நடந்து எம் அவைக்கு வந்தாள். வெறுங்கப்பல்கள் ஆடாதிருக்கப் பாரமாக ஏற்றிவரும் அயல்நாட்டு மண்ணைக் கரையில் கொட்டிப் போவதையும், அம்மண்ணில் தானே முளைத்தவற்றுக்குச் சுமைகாரப் பெண்கள் மூன்று தலைமுறையாக நீர் சுமந்து ஊற்றுவதையும் அவள் வாயால்தான் கேட்டோம். பெயர் தெரியாத மரங்களுக்கு மாலுமிகளின் பெயரையே வைத்திருக்கிறார்களாம். அவற்றுள் மிகவும் வளைந்தது, கள்மயக்கம் தெளியாத ஒருவன் பெயரைத் தாங்கி நிற்கிறதாம். பொய்யெழுத்து ஏன் என்று வினவினோம். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுவிக்கிறோம்:

"பேரு வெட்டினது தப்புதான் சாமி. வெட்டச் சொன்னவ நாந்தான். வெரலை எடுக்கணும்னா என் வெரலை எடுங்க. ஆனா கல்லுல ராசா பேரு இருந்தாத்தான் நெழலு நெழலாகுமா?"

எமக்கு வெட்கமாக இருந்தது, அரையரே. உண்மை பேசும் ஊரைப் பொய் சொல்ல வைத்தது நாம் சேர்த்த விதியே. ஆயினும் இதைத் தண்டியாமல் விட்டால் நாளை நிலப்பட்டயங்களிலும் எம் பெயரை எவனாவது வெட்டுவான் என்றார் பேரமைச்சர், அதுவும் நியாயமே.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்ட அன்றே விடுகாதனின் விலங்கைக் கழற்றுக. பொய்யாக வெட்டிய அத்தனை எழுத்தையும் அவனே தன் உளியால் அழிக்க வேண்டும். அதுவே அவனுக்குத் தண்டனை. மோர்ப்பந்தலில் மட்டும் பாட்டனார் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எம் அன்னையார் கேட்டார், மறுத்துவிட்டோம். கல்லெழுத்து விதி இன்றோடு ஒழிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டும் பட்டோலையில் நிற்கும்; உம் லாயத்துக்கு வேறிடம் பாரும்.

கப்பல்மண் தோட்டத்தில் மட்டும், அழித்த இடத்திலேயே விடுகாதன் புதிதாக ஒன்று வெட்டட்டும். அவ்வாசகத்தை எம் கையாலேயே கீழே எழுதி, இரட்டைச் சுறா இலச்சினை இட்டு, இவ்வோலையை ஆழியாளிடம் கொடுத்தனுப்புகிறோம். பல்லக்கில் வருகிறாள்; நகர வாயிலில் எதிர்கொண்டு இதை வாங்கிக்கொள்ளுமாறு உமக்கு முன்னதாகவே தூதனிடம் சொல்லியனுப்பியுள்ளோம்.

"இதை எந்த அரசனும் உண்டாக்கவில்லை. ஆகையால் எந்த அரசனும் அழிக்கலாகாது."