துரைசானி நெற்றியில் உன் விரல்

வாசல் ஹாலெல்லாம் புதுப் பசை நாற்றம். நீ இருந்திருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னா புள்ள, மறுபடியும் மெயின்லேண்டுலேருந்து பெரிய ஆளு யாரும் வர்றாங்களா?" என்று கேட்டிருப்பாய். பெரிய ஆள் வந்து போயாகிவிட்டது. அவர் சொல்லிவிட்டுப் போன வேலைதான் இது. நம் துரைசானி படத்துக்குக் கீழே பளபளவென்று ஒரு பலகை ஒட்டியிருக்கிறார்கள். காலையில் அதைப் படித்ததிலிருந்து எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கொட்டித் தீர்க்க நீயும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த விருந்தினர் மாளிகையில் நான் ரிசப்ஷனிலும் நீ துணி அறையிலும் இருந்த காலம் முழுக்க, மதியச் சாப்பாட்டுக்கு அவள்தான் நமக்குத் துணை. பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தால் தலைக்கு மேல் அவள். நீலப் பட்டுக் கவுன், கழுத்தை ஒட்டி முத்துமாலை, ஒரு கையில் மடக்கிய விசிறி, இன்னொரு கை நாற்காலிப் பிடியின் மேல். எந்தப் பிரபு வீட்டுப் பெண், யார் வரைந்தது, எந்தக் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தாள், ஒன்றும் யாருக்கும் தெரியாது. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நீ, பார்த்த அன்றைக்கே துரைசானி என்று பெயர் வைத்துவிட்டாய்.

"என்ன திமிரு பாரு, யாருக்கும் தலை குனிஞ்சு பழக்கமில்லாதவ" என்பேன். நீ சோற்றுக் கையோடு சண்டைக்கு வருவாய்.

"திமிரா? அந்தக் கையப் பாரு. நாற்காலிய எப்புடி இறுக்கிப் புடிச்சிருக்கு. யாரோ அதட்டி ஒக்கார வச்சிருக்காங்க புள்ள."

"பட்டும் முத்தும் போட்டு உக்கார வச்சா என்ன கஷ்டமாம்?"

"ஒன்னியப் பொண்ணு பாக்க வந்தப்ப நீயும் பட்டுத்தானே கட்டியிருந்த? சொகமாவா இருந்துச்சு?"

நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிடுவேன். மறுநாள் வேறொரு வாதத்தோடு வருவேன். அவள் முகத்தை வைத்து நாம் போட்ட சண்டையில் பாதி, நம்மைப் பற்றித்தான்.

இப்போது வந்துபோன பெரிய ஆள், ஓவிய நிபுணராம், நம்மைப்போலச் சண்டை போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார், முடிவு சொன்னார். இவள் வெள்ளைக்காரியே இல்லையாம். மாநிறமான ஜமீன் வீட்டுக் குமாரியாம். அயல்நாட்டு உடை உடுத்தியபோதும் நெற்றித் திலகத்தை விடாதவளாம், அதில்தான் அவளுடைய எதிர்ப்பு இருக்கிறதாம். பலகையில் இந்தியிலும் இங்கிலீஷிலும் அப்படியே எழுதியிருக்கிறது. மாநிறமாம்! பெரிய ஆட்கள் வரும்போதெல்லாம் மேஜை நாற்காலியோடு சேர்த்து அவள் முகத்தையும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து வந்த நிறம் அது. திலகம் உன் வேலை.

உன் வீட்டுக்காரர் இறந்த வருஷத்து ஆயுத பூஜை. ஃபைல் அலமாரி, ஜீப், இஸ்திரிப் பெட்டி, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்து, பெண்களிடம் தட்டு வந்தது. கொண்டுவந்த கணக்குப் பிரிவு அம்மாள் உன்னைத் தாண்டி என்னிடம் நீட்டினாள். புகை கக்கும் ஜெனரேட்டருக்கு உண்டு, உனக்குக் கிடையாது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்து அதே தட்டிலிருந்து ஒரு சிட்டிகை அள்ளினாய். உன் நெற்றிக்குத்தான் போகிறது என்று எல்லோரும் நினைத்தோம். நீ பெஞ்சின் மேல் ஏறி, துரைசானியின் நெற்றியில், அந்த எண்ணெய்ப் பிசுக்கில், கட்டைவிரலை அழுத்தினாய்.

"எனக்குக் குடுக்க வேணாம். இந்தப் புள்ள இம்புட்டு நாளா வெறும் நெத்தியோட ஒக்காந்திருக்கு, ஒருத்தருக்கும் கண்ணு தெரியல."

இறங்கிப் போய், மடித்து வைத்த விரிப்புகளை எல்லாம் பிரித்து மறுபடி மடித்தாய். அதன் பிறகு வருஷா வருஷம் தட்டு உன்னைத் தாண்டும், நீ பெஞ்சில் ஏறுவாய். எண்ணெய் போட்டுத் துடைப்பவன்கூடத் தெய்வக் குற்றத்துக்குப் பயந்து பொட்டைச் சுற்றித்தான் துடைத்தான்.

பலகையைப் படித்த வேகத்தில் மேலதிகாரி அறைக்குள் போய்விட்டேன். புதிதாக வந்த வங்காளி, நல்ல மனிதர்தான். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அது படத்தில் வரைந்ததில்லை சார், எங்களோடு வேலை பார்த்த ஒருத்தி பூஜையில் வைத்தது, அந்த எதிர்ப்பு அவளுடையது, பலகையை மாற்றுங்கள் என்றேன்.

"அச்சா? படத்தைச் சுத்தம் பண்ண ஆள் வர்றாங்க. வரைஞ்ச திலகம்னா தொட மாட்டாங்க மேடம். பின்னால யாரோ வச்சதுன்னா அது அழுக்கு. எடுத்துடச் சொல்றேன்" என்றார் இந்தியில். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஆப்னே குத் தேகா?" என்றார். நீங்களே கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்கிறார்.

பார்த்த மற்றவர்களெல்லாம் ரிடையராகி மெயின்லேண்டுக்குக் கப்பலேறிவிட்டார்கள். நான் ஒருத்திதான் சாட்சி. உண்மையைச் சொன்னால் உன்னைத் துடைத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் உன் ஆத்திரத்தை யாரோ ஒரு ஜமீனுக்குத் தாரை வார்க்க வேண்டும். இது என்ன நியாயம்? உன்மேலும்தான் எனக்குக் கோபம். அக்கரையில் உன் வீடு இருந்த பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்து, "ஆமா சாப், நாந்தான் வச்சேன், இப்ப அதுக்கு என்னாங்குறீங்க?" என்று நீயல்லவா அங்கே நின்று கேட்டிருக்க வேண்டும்? காய்ச்சல் என்று படுத்தவள் அப்படியே போய்விட்டாய். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நின்றவள், அதற்கு மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தாய்?

"பார்க்கவில்லை சார்" என்றேன். "யாரோ சொன்னார்கள். தப்பாக இருக்கும்."

"யார் அந்த லேடி?"

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது சார்."

பொட்டு இருக்கிறது. இன்றைக்குச் சாமான்களோடு வந்து இறங்குகிறவர்கள் முதலில் பலகைக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். "இந்தப் பொண்ணுக்கு எவ்வளவு தைரியம் பாருங்க" என்று என்னிடமே சொல்கிறார்கள். உன் பெயர் நாக்கு நுனிவரை வருகிறது. விழுங்கிக்கொண்டு அறைச் சாவியை எடுத்து நீட்டுகிறேன்.