மே இருபத்தஞ்சுக்குள்ள

மே 4, ஞாயிறு

காலைல இருந்து மூடாப்பு, மத்தியானம் மழை. துணி காயல. அடுப்புக்கு மேல கொடி கட்டிப் போட்டேன், எல்லாம் புகை வாடை.

பேத்தி மகேசு நேத்து வந்தா. கட்டப்பனை ஆஸ்பத்திரி லேபுல ரத்தம் பார்க்கிற வேலை, வாரம் முழுக்க ஹாஸ்டல். குமுளிக்கு, என்கிட்ட, சனிக்கிழமை வந்தா திங்கக்கிழமை விடிய பஸ்.

ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் போடணும்ங்கிறா. ரெண்டு வருசமாப் பேச்சு, இன்னைக்குத்தான் மார்க் கணக்கச் சொன்னா. வேலை தெரிஞ்சவங்கள மார்க் போட்டு எடுப்பாங்களாம். ஒரு தடவ சொன்னா போதும் எனக்கு, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

வயசு 30
படிப்பு 15
இங்கிலீசு 10 (ரெண்டு தடவ எழுதியும் அதே பத்து)
கல்யாணம் ஆகாதது 10
வேலை 0. கம்பத்துல முன்ன பார்த்த லேபை மூடிட்டாங்க, கடுதாசி இல்ல. கட்டப்பனையில மூணு வருசம் கார்த்திகைக்குத்தான் முடியும். அப்ப 5.

ஆக 65.

கட்டிக்காததுக்குப் பத்து மார்க்! இத எங்க கம்பத்து மதினி கேக்கணும். அவ மக வளைகாப்புல, மூணாம் பந்தியில, அப்பளம் வச்சுக்கிட்டே, "உன் பேத்திய யாருக்குப் பூட்டி வச்சிருக்க"ன்னு கேட்டவ. ஏழு வருசம் ஆச்சு. அப்பளம் நமுத்திருந்தது.

"வர்ற 25 வந்தா எனக்கு 33 அம்மாச்சி. வயசு மார்க்குல அஞ்சு போயிரும். அறுபதாயிரும். அறுபத வச்சுப் போடவே முடியாது."

"கார்த்திகைல அஞ்சு வருதுல்ல?"

"வந்து? திரும்ப அதே அறுபத்தஞ்சு. அது வாசப்படிதான். கூட வச்சிருக்கவங்களத்தான் உள்ள கூப்பிடுறான். எழுபதுன்னா ஒரு நம்பிக்கை. எனக்கு எழுபது எந்தக் காலத்துலயும் வராது." போனக் கவுத்து வச்சா. "போடவா, விட்டுறவா அம்மாச்சி?"

உன் இஷ்டம்ன்னேன். மழை விட்டுச்சான்னு பார்க்க வெளிய வந்துட்டேன்.

மே 5, திங்கள்

ஆறு பத்து பஸ். ம. போயிட்டா. குடைய விட்டுட்டுப் போயிருக்கா.

மத்தியானம் பெட்டியத் திறந்தேன். அடியில, என் எஸ்டேட் புஸ்தகத்துக்குள்ள, அந்தச் சீட்டு அப்படியே இருக்கு. எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சீட்டு. என் மக ராணிக்குப் பெண் குழந்தை, வருசம் 93, மாசம் 2, தேதி 22.

மாசி பத்து, திங்கக்கிழமை. மே மாசத்துல பொறக்கல என் பேத்தி. மே இருபத்தஞ்சு, பள்ளிக்கூடத்துல சேர்க்க முந்தின வருசம் 92 போட்டு எழுதின தேதி. எங்க எஸ்டேட் ஸ்கூல்ல பாதிப் பிள்ளைங்களுக்கு மே 25தான். கடுதாசி இல்லாம போனா ஹெட்மாஸ்டர் அத எழுதிருவார், ஜூன்ல அஞ்சு முடிஞ்ச கணக்கு வரும். ம.வுக்கு அப்ப நாலே கால் வயசு. மத்தவங்க ஏழை பாழைங்க, தெரியாம விட்டாங்க. என் கையில சீட்டு இருந்தது. மடியில வச்சுக்கிட்டுத்தான், "வைகாசியில அஞ்சு முடிஞ்சிருச்சு சார்"ன்னு சொன்னேன்.

ம.வுக்குத் தெரியாது. வருசா வருசம் மே 25க்குப் பாயசம் வச்சுக் கொடுத்திருக்கேன். ஜாதகம் கேட்டு வந்தவங்ககிட்ட, எங்கள்ல எழுதுறது இல்லன்னுட்டேன்.

மெய்யான தேதியப் பார்த்தா வர்ற மாசி வரைக்கும் அவளுக்கு 32தான். கார்த்திகைல அஞ்சு சேர்ந்தா எழுபது.

சீட்டத் திரும்ப வச்சுப் பெட்டியப் பூட்டிட்டேன்.

மே 8, வியாழன்

ரேஷன் கடை. பச்சரிசி இல்ல, கோதுமைதான். மண்ணெண்ணெய் அடுத்த வாரம்.

வரிசையில எனக்கு முன்ன பேச்சியம்மா. எஸ்டேட்டுல பிள்ளைங்களப் பார்த்துக்கிற கிரீச்சுக்கு ஆயாவா இருந்தவ. எட்டாம் நம்பர் லயத்துல, எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீட்டுல, எங்களுக்கு அடுத்தடுத்த கதவு. இருபத்தெட்டு வருசமா அவ கூடப் பேச்சு இல்ல.

நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அவ விடுவாளா. கடைக்காரர்கிட்டப் பேசுற மாதிரி என்னப் பேசுறா.

"சாரே, இந்தக் கிழவி பேத்தி வெளிநாடு போகுதாமே. வயசு பத்தலையா கூடிப்போச்சான்னு ஊரே பேசுது. என் கிரீச்சு நோட்டுல மாசின்னு எழுதினது எனக்கு மறக்குமா?"

கடைக்காரருக்கு ஒண்ணும் புரியல. பைய நீட்டுங்க அம்மச்சின்னார்.

கோதுமைய வாங்கிட்டு, அவ காதுல விழட்டும்ன்னு, "செத்தாலும் சிலதுக பேசும்"ன்னேன்.

"ஒரு குழாய்க்காகப் பிள்ள வயசக் கூட்டினவதானே நீ"ன்னா.

கேட்டாச்சு. திரும்பிப் பார்க்காம வந்தேன். ஏத்தத்துல மூச்சு வாங்கிருச்சு.

மே 9, வெள்ளி

குழாய்க்காக இல்ல. அவ எப்பவும் அப்படித்தான் சொல்றா. சரியா எழுதி வைக்கிறேன்.

லயத்துக்கு ஒரே குழாய். தண்ணி காலைல முக்கா மணி நேரம். என் குடத்த நகர்த்தி வச்சுட்டு அவ பித்தளைக் குடத்த வச்சா. வரிசைன்னா வரிசைடின்னேன். "மக ஓடிப்போனவளுக்கு என்னடி வரிசை"ன்னா. பதினோரு பொம்பளைங்க நின்னாங்க. பேரோட சொல்லுவேன். ஒருத்தி வாயத் திறக்கல.

ராணி திருப்பூர் போய் அப்ப நாலு மாசம். பிள்ளைய என்கிட்ட விட்டுட்டு.

மறுநாள் ம.வ கிரீச்சுல விடல. முதுகுல கட்டிக்கிட்டு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனேன். அட்டை ஏறிப் பிள்ளைக்குக் கால் ரெண்டும் ரத்தம். தோட்டத்துல ஆள் கணக்கு எழுதுற கண்டக்டர் வையுறார், பிள்ளையோட வராத, வந்தா அரை ஆளுன்னுதான் எழுதுவேன்னு. கிரீச்சுக்குப் போயி பேச்சி முன்னாடி நின்னா தீர்ந்தது. நிக்கல. ஜூன்ல ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டேன், ஒரு வருசம் முன்னாடியே. முத மூணு மாசம் வகுப்புல தூங்கிக் கிடந்தா. பலகையத் தலைக்கு வச்சு.

அவ்வளவுதான் நடந்தது.

மே 11, ஞாயிறு

ம. வந்திருக்கா. மழை இல்ல, வெயில் அடிச்சது, மிளகு காயப்போட்டேன். மத்தி மீன் வாங்கினேன், குடம்புளி போட்டு. நல்லாச் சாப்பிட்டா.

சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிக்கிட்டே, "நான் போடல அம்மாச்சி. விட்டாச்சு. இங்கயே இருந்துக்கலாம், உனக்கும் யார் இருக்கா"ன்னா.

எனக்குச் சந்தோசம். பொய் எழுத மாட்டேன் இதுல. சந்தோசமாத்தான் இருந்தது. மீன் சட்டிய விளக்கும்போது ஒரு பாட்டுக்கூட வாயில வந்துச்சு.

நாலு மணிக்கு அவ பின்னால கல்லுல உக்காந்து போன் பேசினா, கூடப் படிச்சவ கூட. மிளகு அள்ளப் போனவ காதுல விழுந்தது.

"... இல்லடி, அம்மாச்சியச் சாக்குச் சொல்லல. மார்க்தான். எங்கம்மா என்னைய ஒரு எட்டு மாசம் லேட்டாப் பெத்திருக்கக் கூடாதா?" சிரிக்கிறா. "ஆமா, அதுக்குள்ள அதுக்கு ஓட அவசரம்." அப்புறம் சிரிப்பு நின்னுருச்சு. "ஹாஸ்டல்ல ராத்திரி ஷிப்டு முடிச்சு வந்து படுத்தா, இன்னும் இருபத்தஞ்சு வருசம் இதே கட்டிலான்னு இருக்குடி."

மிளகப் பாதி அள்ளிட்டு வந்துட்டேன். மீதி பனியில நனைஞ்சு போச்சு.

மே 12, திங்கள்

ஆறு பத்துக்குப் போயிட்டா. சீட்டப் பத்தி நான் சொல்லல.

மே 14, புதன்

மூட்டு வலி. தைலம் தீர்ந்துபோச்சு. டிவி ஓடிக்கிட்டே இருக்கு, என்ன படம்னு தெரியல, யாராவது பேசட்டும்ன்னு விட்டு வச்சிருக்கேன்.

ஒரு ஆளுக்குக் கஞ்சி வச்சா அடிப்பிடிக்குது. எந்தப் பாத்திரம் எடுத்தாலும் பெருசா இருக்கு.

அவ போயிட்டா சனிக்கிழமையும் கிடையாது. அதுதான் விசயம். வேற எதுவும் இல்ல. சீட்டக் கொடுத்தா பஞ்சாயத்துல மாத்தலாம், பத்தாங்கிளாஸ் புக்குல மாத்தலாம், பாஸ்போர்ட்ல மாத்தலாம். மாத்தினா அவ போயிருவா. மாத்தலன்னா இருப்பா. இருந்து, அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு இருப்பா.

நான் மன்னிக்காதவங்கள எனக்கு வரிசையாத் தெரியும். எழுதிப் பார்த்தேன்.

பேச்சி. குழாயடியில சொன்னதுக்கு.
கண்டக்டர். அரை ஆளுன்னு எழுதினதுக்கு. செத்துட்டார், இருந்தாலும்.
கம்பத்து மதினி. அப்பளம்.
ராணி.
பதினோரு பொம்பளைங்க, அதுல நாலு பேர் உயிரோட இருக்காங்க.

இதுல யாரும் ம. வயசுல கை வைக்கல. வச்சது ஒரு ஆள்தான். அந்தப் பேர எழுதப் பேனாவ எடுத்தேன், எழுதல.

மே 17, சனி

மழை, இடி. கரண்டு இல்ல. ம. அஞ்சரைக்கு நனைஞ்சுக்கிட்டு வந்தா. தலை துவட்டி, கட்டஞ்சாயா குடிச்சு முடிக்கட்டும்ன்னு இருந்தேன். சீட்ட எடுத்து அவ மடியில போட்டேன்.

படிச்சா. திருப்பிப் பார்த்தா. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பப் படிச்சா.

"யாருது இது?"

"உன்னுது."

"ஹெட்மாஸ்டர் தப்பா எழுதிட்டாரா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். அவர் போய்ச் சேர்ந்துட்டார், கேக்க ஆளில்ல. வாய் வரைக்கும் வந்துச்சு.

"நான்தான் சொன்னேன்"ன்னேன். குழாயச் சொன்னேன். கிரீச்சச் சொன்னேன். பேச்சி சொன்ன வார்த்தையச் சொன்னேன்.

"அதுக்கு?" ன்னா. "அதுக்கு அம்மாச்சி? அவங்க என்னமோ சொன்னாங்கன்னு என்னைய நாலு வயசுல கொண்டுபோய்..." முடிக்கல. "ரெண்டு வருசமா இந்த மார்க்க உன் முன்னாடி உக்காந்து கூட்டிக்கிட்டு இருக்கேன். பெட்டியில வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தியா?"

மார்க் கணக்கு இப்பத்தான் தெரியும்ன்னு சொன்னேன்.

"இப்பன்னா? ரெண்டு வாரம் முன்னாடி சொன்னேன். போடவா விட்டுறவான்னு உன்னத்தான கேட்டேன்?"

அந்த ரெண்டு வாரம் எதுக்குன்னு அவளுக்கும் புரிஞ்சிருச்சு. ஏன்னு கேக்கல.

சாப்பிடல.

மே 18, ஞாயிறு

வீட்டுக்குள்ளயே ரெண்டு பேர், பேச்சு இல்ல. இருபத்தெட்டு வருசம் ஒருத்தி கூட இப்படி இருந்திருக்கேன், வலிச்சதில்ல. இது ஒரு நாள்தான் ஆகுது.

சாயங்காலம் போன்ல யார்கிட்டயோ விசாரிச்சா. பஞ்சாயத்துல பொறப்ப அப்பவே பதிஞ்சிருக்காங்க, பேர் இல்லாம. பேரச் சேர்த்து வாங்கலாமாம். அப்புறம் ஸ்கூல் புக்கு. மாசக்கணக்குல ஆகும், நடக்கலாம், நடக்காமலும் போகலாம். யார் ஸ்கூல்ல சேர்த்தாங்களோ அவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் லீவு போட்டிருக்கேன். அன்னைக்குப் பஞ்சாயத்துக்கு வரணும்"ன்னா. சுவத்தப் பார்த்துச் சொன்னா.

மே 20, செவ்வாய்

ஏழரைக்கே கிளம்பினோம். தூறல். நல்ல சேலை கட்டிக்கிட்டேன், மாம்பழக் கலர்.

பஞ்சாயத்துல பதினொன்றரை வரைக்கும் நின்னோம். பதிவு இருக்கு. ராணி பேரு, பெண் குழந்தை, 22-2. அத எடுத்துக்கிட்டுப் பக்கத்துல சத்தியவாங்மூலம், அதான் பிரமாணப் பத்திரம், எழுதுற வக்கீல் ஆபீஸ். அங்க டைப் அடிக்கிற பொண்ணு மலையாளம், தமிழும் பேசுது.

என்ன நடந்ததுன்னு கேட்டுச்சு. சொன்னேன். ஜூன் ரெண்டு, திங்கக்கிழமை, காலைல பத்து மணி. ஹெட்மாஸ்டர் காக்கி மழைக்கோட்டு மாட்டியிருந்தார். எனக்கு முன்னாடி ஏழு பேர். பியூன் மரச்சீனிக் கிழங்கு தின்னுக்கிட்டு இருந்தார். சீட்டு என் மடியில இருந்தது, நான்தான் வேணும்னே மாத்திச் சொன்னேன்.

அந்தப் பொண்ணு டைப் அடிக்கிறத நிறுத்திட்டு ம.வப் பார்த்துச்சு.

"சேச்சி, வேணும்னே சொன்னதுன்னு எழுதினா இது நடக்காது. ஸ்கூலுக்குப் பொய் சொன்ன கணக்காகும். சாதாரணமா, படிப்பில்லாததால ஓர்மைப் பிசகிச் சொல்லிப் போச்சுன்னு எழுதுவாங்க. எல்லாரும் அப்படித்தான்."

"யாருக்கு ஓர்மைப் பிசகு?"ன்னேன்.

"அம்மச்சிக்கு."

"எனக்கா? இந்தா பாரு பிள்ள, எட்டாம் நம்பர் லயத்துல எந்த வீட்டுல எந்தப் பிள்ள எந்தக் கிழமை பொறந்துச்சுன்னு கேளு. உங்க வக்கீல் சுவத்துல மாட்டியிருக்காரே காலண்டர், அது தப்புச் சொல்லும், நான் சொல்ல மாட்டேன்."

பொண்ணு சிரிச்சிருச்சு. "அய்யோ அம்மச்சி, இவ்வளவு ஞாபகம் இருக்கவங்க இதுல கையெழுத்துப் போட முடியாது. வெளிய யார்கிட்டயும் இப்படிப் பேசிறாதீங்க."

ம. சிரிக்கல. கைப்பைய மடியில வச்சு ஜிப்ப இழுத்து இழுத்து மூடிக்கிட்டு இருந்தா. சனிக்கிழமைக்கு அப்புறம் முத தடவையா என்னைய நேராப் பார்த்தா.

"அம்மாச்சி" ன்னா. அவ்வளவுதான்.

அடிக்கச் சொன்னேன். அடிச்சுட்டு, படிச்சுக் காட்டுச்சு, மலையாளத்துல ஒரு தடவ, தமிழ்ல ஒரு தடவ. எழுபத்தி நாலு வயசான நான், எழுத்தறிவு குறைவானதாலும் ஞாபக மறதியாலும், பேத்தி பிறந்த தேதியைச் சரியாக நினைவில் வைக்காமல் தவறாகச் சொல்லிவிட்டேன்.

ரெண்டு இடத்துல கையெழுத்து. அறிவொளி வகுப்புல கத்துக்கிட்டதுதான், முழுப்பேரும் போடுவேன். போட்டேன்.

பஸ் ஸ்டாண்டுல கட்டப்பனை பஸ் ஏற்கனவே முறுக்கிக்கிட்டு நின்னது. ம. ஏறிட்டு, படியில இருந்தே குனிஞ்சு சொன்னா:

"எழுபது வந்து கூப்பிட்டாங்கன்னா நான் போயிருவேன் அம்மாச்சி."

"கூப்பிடட்டும்"ன்னேன்.

சனிக்கிழமை வருவியான்னு கேக்கல. பஸ்ஸ எடுத்துட்டான்.