ஈரம் காயாத தொட்டி

ஜூலை 14, செவ்வாய்

அம்மா பொம்மிடியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்த மணி பிளாண்ட் வேரிலிருந்து அழுகுகிறது. அங்கே அவளுடைய கொடி கோடையில் கருகிவிட்டது. அவள் மாமியார், என் பாட்டி, நட்டதில் மிச்சம் இது ஒன்றுதான்.

“காலையில ஒரு சொம்பு ஊத்துறேன், அவ்வளவுதான்” என்றார் இவர். “வாடியிருந்துச்சும்மா, ஸ்கூல் விட்டு வந்து நானும் ஊத்துனேன்” என்றாள் மகள். சாயங்காலம் நான். மூன்று பேருக்கும் செடிமேல் அத்தனை ஆசை.

போனில் அம்மா, “செடி எப்படி இருக்குது கண்ணு? ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்” என்றாள். நல்லா இருக்குதும்மா என்று சொல்லிவிட்டேன்.

இனி யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று வீட்டில் சத்தம் போட்டேன். அடுப்படி வேலையை முடித்துவிட்டு வரும்போது என் கையே ஒரு சொம்புத் தண்ணீரை அதில் கவிழ்த்துவிட்டது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.