பாதிப் பேச்சு

சென்னை, 12-7-1942

அய்யா அவர்களுக்கு ஆண்டியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். ஆத்தாவின் முழங்கால் வலி குறைந்ததா?

கவலைப்பட ஒன்றுமில்லை. யுத்தத்துக்கு ஆள் சேர்க்கிறவர்கள் பேச்சால் எப்படி மயக்குகிறார்கள் என்று நான் நடத்தும் பேச்சு வகுப்பில் விளக்கினேன். முதலில் அவர்களைப் போலவே பேசிக் காட்டினேன். அதிலுள்ள பொய்களைக் காபிக்குப் பிறகு உடைப்பதாக இருந்தேன். அந்த இடைவேளையில், வகுப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தம்பி அடைக்கலம் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டான்.

"நீங்க பேசுனதக் கேட்டுட்டு எப்படிண்ணே சும்மா இருக்கது?" என்றான். மீதிப் பேச்சை ரயிலடிவரை அவனிடம் சொல்லிக்கொண்டே போனேன். சிரித்தான்.

ஊறுகாய் அனுப்பினால் இனி ஒருவனுக்கு அளவாக அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரம். ஆத்தாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் வந்து சொன்னால், அவன் போனது நல்லதுக்குத்தான் என்று நம்பிவிடுவாள்.

மகன்,
ஆண்டியப்பன்