ஹோலில் ஹீட்டர், குசினியில் கதிரை

செவ்வாய், ஜூன் 15, 1976

காலை பூச்சியம் டிகிரி. இங்கே ஜூன் நடுக் குளிர்காலம். புல்லெல்லாம் வெள்ளை. கார்க் கண்ணாடியைச் சுரண்டப் பத்து நிமிடம். விரல் மரத்துப் போனது.

மகளின் கடிதம், சிட்னியிலிருந்து. நாலே வரி. சனிக்கிழமை வருகிறார்களாம், அவளும் அவனும் பிள்ளையும். “அம்மாவின்ரை சாமான்கள் கொஞ்சம் எடுக்கவேணும். பிள்ளைக்கு மூண்டு மாதம், நெஞ்சுச்சளி. வீடு சூடாயிருந்தால் உங்களோடை ரெண்டு நாள் நிப்பம். இல்லாட்டி நடராசா அங்கிள் வீட்டிலை.”

கல்யாணம் செய்து போன மூன்று வருடத்தில் இந்த வீட்டில் தங்குகிறேன் என்று சுகந்தி எழுதுவது இதுதான் முதல்தடவை. தாய் மகேஸின் செத்தவீட்டுக்கு வந்தபோதும் வயிற்றில் பிள்ளையோடு நடராசா வீட்டில்தான் நின்றாள். நடராசாவுக்கு அதில் ஒரு பெருமை. மறக்கமாட்டேன்.

சனிக்கு முன்:
– பின்னறை ஒதுக்க
– பால், பாண், முட்டை
– மகேஸின் சேலைகள் (தொடவில்லை இன்னும்)
– ஹீட்டர்

பிள்ளையின் பெயர் கடிதத்தில் இல்லை. பிறந்தபோது எழுதியிருந்தாள். நான் பதில் போடவில்லை. அந்தக் கடிதத்தைத் தேடவேண்டும்.

பி.ப. 7. மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கராஜிலிருந்து கொண்டுவந்தேன். போன குளிர்காலத்துக்குப் பிறகு ஒருவரும் தொடாதது. கொலின் தன் தாய் வீட்டிலிருந்து தந்த பழைய சாமான். (மருமகன் என்று எழுதக் கை வரவில்லை.) மகேஸ் இரண்டு கையாலும் வாங்கி “தேங்க்யூ, தேங்க்யூ” என்றாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரியை உயர்த்தினேன். ஆறு நெருப்புக்குச்சி. பிடிக்கவில்லை.

புதன், 16

மழை இல்லை. காற்று. கந்தோரில் எனக்கு வரவேண்டிய பதவியும் மேசையும் நேற்று வந்த ஒரு பொடியனுக்கு. என்னிடமே ஸ்கேல் இரவல் கேட்கிறான். கொடுத்தேன். கொடுத்ததுதான் கோபம்.

வரும் வழியில் புது மண்ணெண்ணெய். பெற்றோல் செட்டில் இருந்தவன், “கீரோவா? இன்னும் அதையா எரிக்கிறாய், மேட்? வீடு நாறுமே!” என்றான். கறி மணம் என்பவர்கள் போதாதென்று, மணம் பற்றி என்னிடம் இன்னொருவன்.

பழைய எண்ணெய்க்கு மேலேயே புதியதை ஊற்றினேன். அரை மணித்தியாலம் ஊறவிட்டேன். கொளுத்தினேன். பிடித்தது! ஒரு நிமிடம் நல்ல நீலம். பிறகு கடுகு வெடிப்பதுபோல் படபட, மஞ்சள், புகை. நூந்து போனது. மறுபடி. மறுபடி. நாலாம் தரம் பிடிக்கவே இல்லை. திரியின் நுனி கல்லுப்போல.

ஓட்டை ஹீட்டர். தங்களுக்கு வேண்டாததைக் கறுவலுக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடிய குடும்பம். அவனுக்கு ஒரு கடிதம் மனதுக்குள் எழுதினேன், நல்ல இங்கிலீஷில்.

போன ஆகஸ்ட் முழுக்க மகேஸ் இதைக் கொளுத்தவில்லை. இது எண்ணெய் குடிக்கிறது என்று ஒருநாள் நான் சத்தம் போட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தன் கதிரையைத் தூக்கிக் குசினிக்குள் போட்டுக்கொண்டாள். காஸ் அடுப்பில் பாண் சுடும் போறணையை மூட்டி, கதவைத் திறந்துவைத்து, கோட்டோடு, அதற்கு முன்னால் குந்தியிருந்தாள். நான் ஹோலில் போர்வைக்குள். ஒரு மாதம் முழுக்க. ஏன் ஹீட்டர் கொளுத்தவில்லை என்று நான் கேட்கவில்லை. வீம்பு பிடிக்கிறாள், பிடிக்கட்டும். தையில் செத்துப்போனாள். அந்த ஆகஸ்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை. செத்தவளோடு கோபம் என்று யாரிடம் சொல்லலாம்?

வியாழன், 17

மழை. கந்தோருக்குப் போகவில்லை. தடிமன், காய்ச்சல் என்று சொன்னேன்.

ஹீட்டரைக் கழற்றினேன். மேல் கூடு, நெருப்புச் சட்டி, திரி. எண்ணெய்த் தாங்கியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் ஒரு ஊறுகாய்ப் போத்தலுக்குள் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். தெளிய விட்டுப் பார்த்தால் அடியில் ஒரு விரல் தண்ணீர். ஆகா, பெற்றோல் செட்டுக்காரன் கலந்து விற்றிருக்கிறான்! கோட்டை மாட்டிவிட்டேன், போய் நாலு கேள்வி கேட்க.

தாங்கிக்குள் இன்னும் ஏதோ கிடந்து கிலுங்கியது. பேப்பரில் தட்டினேன். துருப்பிடித்த தகரத்தின் கறள் துண்டுகள். கறளுக்குள் வெள்ளையாய், பழுப்பாய், சின்னச் சின்னக் கட்டி. நகத்தால் நசுக்கினேன். நாக்கில் வைத்தேன்.

மண்ணெண்ணெய். அதற்கு அடியில் உப்பு.

கோட்டைக் கழற்றவில்லை. கடைக்கும் போகவில்லை.

எண்ணெய் குடிக்கிறது என்று போன ஜூலை முடிவில் போட்ட சண்டை, சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது.

நான்: “எங்கடை வீட்டிலை அரிக்கன் லாம்புக்கு நாலு உப்புக்கல்லுப் போடுறது. எண்ணெய் நிண்டு பிடிக்கும். உனக்கு இதுகூடத் தெரியாதோ?”

அவள்: “இஞ்சாருங்கோ, இது லாம்பில்லை.”

நான்: “நெருப்பெண்டால் எல்லாம் நெருப்புத்தான். சொன்னதைச் செய்.”

கொழும்பில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவன் சொன்னது இது. உப்பு எண்ணெயில் கரையாது. அடியில் கிடந்து ஈரத்தை இழுக்கும், தகரத்தைத் தின்னும், திரி அந்தத் தண்ணீரைக் குடிக்கும். பத்தாம் வகுப்புப் பொடியனுக்குத் தெரியும். அவளுக்குக் கூடத் தெரிந்திருக்கிறது.

சொன்னதைச் செய்திருக்கிறாள்.

வெள்ளி, 18

ஸ்பிரிங்வேல் ஹார்ட்வெயார் கடையில் புதுத் திரி. இந்த அளவு கடைசி ஒன்றுதான் இருந்தது.

தாங்கியைப் புது எண்ணெயால் மூன்று தரம் அலசினேன். கறளை உரஞ்சினேன். துணியால் துடைத்து, காய வைத்து, திரி மாட்டி, எண்ணெய் விட்டு, ஒரு மணித்தியாலம் பொறுத்தேன். ஒரே குச்சி. சுற்றிவர நீலம். மூன்று மணித்தியாலம் எரியவிட்டேன். ஒரு சத்தம் இல்லை.

சந்தோஷப்படத்தான் கொளுத்தினேன். ஹோல் சூடாகச் சூடாக ஆகஸ்ட் விளங்கியது. அவள் வீம்பு பிடிக்கவில்லை. ஹீட்டர் எரியவில்லை. உங்கள் உப்பால் பழுதாகிவிட்டது என்று சொல்ல வாய் வராமல் போறணைக்கு முன்னால் போயிருந்திருக்கிறாள். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கத்தியிருப்பேன். அவளுக்குத் தெரியும்.

அவளுடைய கதிரையைக் குசினியிலிருந்து தூக்கிவந்து ஹீட்டருக்கு முன்னால் வைத்தேன். சுகந்தி பிள்ளையோடு இருக்கட்டும்.

கடிதம் கிடைத்தது, மேசை லாச்சிக்குள். பிள்ளையின் பெயர் அஞ்சலி.

சனி, 19

எட்டு டிகிரி. பகல் முழுக்கக் கொளுத்திவைத்தேன். பி.ப. 4.20க்கு வந்தார்கள்.

சுகந்தி மெலிந்துவிட்டாள். வாசலில் நின்று, “சூடாத்தானே இருக்கு, அப்பா” என்றாள். பிள்ளையின் கம்பளிக் கோட்டைக் கழற்றினாள். தாயின் கதிரையில் இருந்தாள். பிள்ளை நீல நெருப்பைப் பார்த்தபடி. மகேஸின் நெற்றி. நான் விரலை நீட்டினேன், பிடித்தது.

“பின்னறையிலை கட்டில் போட்டிருக்கிறன்” என்றேன்.

“ஓம் அப்பா. சாமான்களைப் பிறகு இறக்குவம்.”

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கவேண்டும்.

கொலின் குனிந்து ஹீட்டரைப் பார்த்துச் சிரித்தான். பழுதாய்ப் போனது என்றல்லவா சுகந்தி சொன்னாள், என்ன பிழை இருந்தது என்று இங்கிலீஷில் கேட்டான். மரியாதையாய்த்தான் கேட்டான். உப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. “திரி உக்கல். உன் அம்மா வீட்டிலிருந்து வரும்போதே அப்படித்தான்.”

அவன் முகம் சிவந்தது. “ஐ ஆம் சொறி” என்றான்.

சுகந்தி தமிழில், சத்தம் உயர்த்தாமல்: “அப்பா, அம்மா போன ஆகஸ்டிலை எனக்கு ரெலிபோன் எடுத்தவ. உப்பாலை பழுதாப் போச்சு, அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை, தான் சொன்னது பிழைச்சதெண்டு மனுசன் வெக்கப்படும் எண்டவ. குளிருதோம்மா எண்டு கேட்டன். இல்லைப் பிள்ளை, குசினி நல்ல சூடு எண்டவ.”

நான் திரியை ஒரு சுற்று இறக்கினேன்.

“நீங்கள் உப்பெண்டு சொல்லுவியளெண்டு நினைச்சனான்.”

பிள்ளையின் கோட்டை எடுத்து மாட்டினாள். ஒரு கை, மறு கை. பொத்தான் பொத்தானாக. உப்பு என்று சொல்ல எவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. 

கொலினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு சூடாயிருக்கிறதே, ஏன் போகவேண்டும் என்று அவன்தான் கேட்டான். அவன்.

மகேஸின் சேலைகள் இரண்டு எடுத்தாள். “போட்டு வாறம்” என்று காரில் ஏறினாள். கார் நடராசா வீட்டுப் பக்கம் திரும்பியது.

ஞாயிறு, 20

மழை. ஆறு டிகிரி.

நடராசா வீட்டு நம்பரை இரண்டு தரம் சுழற்றினேன். இரண்டு தரமும் மணி அடிக்கமுன் வைத்தேன்.

எண்ணெய் இன்னும் பாதி இருக்கிறது. ஹீட்டர் நன்றாக எரிகிறது, ஹோலில். கதிரையைத் திரும்பக் குசினிக்குள் தூக்கிவந்தேன். போறணைக் கதவைத் திறந்துவைத்து, கோட்டோடு இருந்து எழுதுகிறேன்.

முழங்கால் மட்டும்தான் சூடு. முதுகு விறைக்கிறது.