படிக்காத என் கண்ணை வைத்து நீ செய்த பக்கங்கள்

வாத்யாரே,

நேற்று ஆட்டோவின் முன்பெட்டியை ஒழித்தேன். போன ஆயுதபூஜைச் சந்தனம், உடைந்த ஸ்க்ரூடிரைவர், இவற்றுக்கெல்லாம் அடியில் உன் விசிட்டிங் கார்டு கட்டு ஒன்று கிடந்தது. ரப்பர் பேண்டு வெயிலில் உருகி மேல் அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. பிய்த்து எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். உன் பெயர், "இணையதளங்கள் வடிவமைத்துத் தரப்படும்" என்று ஒரு வரி, போன் நம்பர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி. "மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் அழைக்கவும்."

பதினோரு வருஷமாக அந்த அட்டையை மயிலாப்பூரிலும் தி.நகரிலும் கடை கடையாகக் கொடுத்தவன் நான். ஒவ்வொருவரிடமும், "எப்ப வேணா போன் பண்ணு சார், ஆளு எடுப்பாரு" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர்களும் காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, மயில் படம் பெரிதாக வேண்டும், நாதஸ்வரம் தானாக ஊதவேண்டும் என்று கேட்டார்கள். வேலை நேரத்தில் என்ன போன் என்று உன் காலேஜ் லேப் மேடம் உன்னை நிற்கவைத்துத் திட்டினார்கள். "அட்டையப் பாத்தும் பகல்ல கூப்புடுறானுங்க நைனா, இன்னா ஜனங்கோ" என்று நீ சாயங்காலம் என்னிடம் வந்து புலம்புவாய். நானும், "ஆமாம் வாத்யாரே, இன்னா ஜனங்கோ" என்பேன்.

நீ ஒரு முறை அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. கடுப்பாக இருந்தது. ஆனால் நானே படித்தேன் என்பதில் சந்தோஷமும் இருந்தது. கட்டுக்குள் இருந்த அட்டை முழுவதையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றிலும் அதேதான் எழுதியிருக்கும் என்று தெரிந்தும் படித்தேன்.

அடையாறில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அட்டெண்டர் நீ. மெஷின் துடைப்பது, மாணவர்கள் போனபின் ஸ்விட்சை அணைப்பது, இவைதான் உன் வேலை. அவர்களுக்கு நடக்கிற பாடத்தைக் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து நீயும் கேட்டாய். கேட்டே வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டாய். மந்தைவெளியிலிருந்து தினமும் உன்னை ஏற்றிக்கொண்டு போனவன் நான். பின்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே வருவாய். உன் தொழிலுக்கு ஆபீஸ் அந்தப் பின்சீட்டுதான்.

முதல் நாள் நினைவிருக்கிறது. அடையாறு பாலத்துக்கு முன்னால் வண்டி நெரிசலில் நின்றிருந்தோம். உன் போனை முன்னால் நீட்டினாய். திரையில் ஒரு பாத்திரக்கடை.

"நைனா, இந்தக் கடைக்காரனுக்குப் போன் போடு பாக்கலாம்."

"எனுக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"அதுக்குத்தான் சொல்றேன். போடு."

நான் தடவினேன். குடம் வந்தது, குத்துவிளக்கு வந்தது, எதையோ அமுக்கினால் மறுபடி குடம் வந்தது. பின்னால் இருந்த பஸ் ஹாரன் அடித்துக் கத்தியது. நீ கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று ராத்திரி அந்தப் பக்கத்தை மாற்றினாய். மறுநாள் காட்டியபோது, பச்சையாகப் பெரிய வட்டம், அதில் போன் படம். தொட்டேன். கடைக்காரர் குரல் வந்துவிட்டது. நீ பின்னாலிருந்து என் முதுகில் தட்டினாய்.

அதிலிருந்து நீ செய்த ஒவ்வொரு பக்கமும் என் கையைத் தாண்டித்தான் வெளியே போனது. "படிச்சவன் எப்படியோ கண்டுபுடிச்சிடுவான். நீ கண்டுபுடிச்சாத்தான் சரி" என்று சொல்வாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கடைக்காரர்கள்தான் அந்தப் பெருமையை நிலைக்கவிடவில்லை. தி.நகரில் ஜவுளிக்கடை அண்ணாச்சி இருக்கிறாரே, அவருடைய பக்கத்தில் அவர் அப்பாவின் மாலை போட்ட படம் திரையை அடைத்துக்கொண்டிருக்கும். போன் வட்டம் எங்கோ கீழே. நான் தேடித் தோற்றேன். நீ போய் அவரிடம் சொன்னாய்.

"ஐயா படம் அங்கனதான் இருக்கணும். ஐயா இல்லேன்னா கடை ஏது?"

"கொஞ்சம் சின்னதாக்கலாம் அண்ணாச்சி."

"ஐயாவச் சின்னதாக்கணும்னா சொல்லுத?"

ஒரு வருஷம் அவரோடு மல்லுக்கட்டினாய். படம் ஒரு விரல் அகலம்தான் குறைந்தது.

இதற்கிடையில் நான் உன்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடு என்று. ஐம்பத்தைந்து வயதில் கேட்டேன், அறுபதில் கேட்டேன். பஸ் போர்டு படிக்கவேண்டும், பேரன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஒவ்வொரு தடவையும் நீ சொன்னது இதுதான். "இந்த வேலை முடியட்டும் நைனா." அந்த வேலை முடியும், அடுத்தது வரும். உன்னை வாத்யாரே என்று கூப்பிட்டுக்கொண்டே பதினோரு வருஷம் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் இருந்தேன்.

அப்புறம்தான் மயிலாப்பூர் கேட்டரிங் மாமாவின் பக்கம் வந்தது. கல்யாணச் சமையல், சீமந்தச் சமையல் எல்லாம் எடுத்துச் செய்கிறவர். மூன்று மாதமாக அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தரச்சொல்லி அலைந்தாய். அவர் தரவே இல்லை. அந்தக் கோபத்தில், எழுத்து வரவேண்டிய இடத்தில் நீயே எதையோ எழுதிவைத்தாய். கடைசியில் வியாழக்கிழமை அவர் எழுதித் தந்தார். அதைப் போட்டு இன்னொரு பக்கம் செய்தாய். லேப்டாப்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வெள்ளிக்கிழமை லேபில் மாணவர்களுக்குப் பிராக்டிகல் பரீட்சை. நீயும் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மாமாவோ வெள்ளிக்கிழமை காலைதான் நல்ல நேரம், பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் ஊருக்கெல்லாம் தெரியும்படி திறந்தாகவேண்டும் என்று நின்றார்.

"நைனா, நீ எடுத்துக்கினு போ. வலது கை பக்கம் கீறதுல பச்சைப் பொத்தான அமுக்கு. அவ்ளோதான்" என்றாய்.

போனேன். ஹாலில் இருபது பேர். கற்பூரத் தட்டு, பெரிய டிவி. டிவி வயரைச் சொருகியதும் லேப்டாப்பில் இருந்த இரண்டு பக்கமும் இடம் மாறிக்கொண்டன. எது வலதில் இருந்தது, எது இடதில் இருந்தது என்று எனக்குக் குழம்பிவிட்டது. இரண்டிலும் அதே வாழை இலை, அதே மாமா கைகூப்பி நிற்கிற படம். எழுத்துதான் வேறு. எனக்கு இரண்டும் ஒன்றுதான். உனக்குப் போன் போட்டேன், எடுக்க ஆளில்லை.

"மணி பத்தே கால் ஆயிடுத்து. அமுக்கேன்ப்பா" என்றார் மாமா.

வலதில் இருந்ததை அமுக்கினேன். எல்லாரும் கைதட்டினார்கள். கற்பூரம் காட்டினார்கள். நான் கேசரியை வாங்கிக்கொண்டு சிரித்தபடி நின்றேன். மாமாவின் அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டிவிக்குக் கிட்டே போய் உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"'இவரைப் பற்றி எழுத வேண்டிய இடம். மூன்று மாதமாக ஒரு வரி தரவில்லை. சாம்பாருக்குப் பருப்பு வேகிற நேரத்தில் எழுதியிருக்கலாம்.' ஏன்டா, இது உன்னைப் பத்தின்னா எழுதியிருக்கு?"

யாரோ சிரித்தார்கள். மாமாவின் முகம் சிவந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று தெரியாமல் நானும் கூடச் சிரித்தேன். இன்றைக்கும் தாங்கமுடியாதது அந்தச் சிரிப்புதான்.

"எங்காத்து மனுஷாள்லாம் பாத்துண்டிருக்கா. உனக்கென்னய்யா இளிப்பு? திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் படிச்சுப் பாக்கமாட்டியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

கேசரித் தட்டை யாரோ என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உன்னிடம் சொன்னேன். அதற்குள் நீ பக்கத்தைச் சரிசெய்து, அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்திருந்தாய். உனக்குச் சிரிப்பு வந்தது. "பருப்பு வேகிற வரியையா படிச்சாங்க?" என்று இரண்டு தரம் கேட்டாய்.

"சிரிக்காத. நாளையிலேர்ந்து எனக்கு எழுத்துச் சொல்லிக் குடு."

நீ டீயை ஊதினாய். "நைனா, நீ படிக்கக் கத்துக்கினா நான் யாருகிட்ட காட்டுவேன்? படிச்ச கண்ணு ஊர் முழுக்கக் கீது. எனக்கு இருக்கிறது உன் கண்ணுதான்."

"அப்ப உன் தொழிலுக்காக நான் கடைசி வரைக்கும் தற்குறியாவே இருக்கணுமா?"

தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாய் என்று அதுவரை நினைத்திருந்தேன். தெரிந்தேதான் செய்தாய் என்று அன்று புரிந்தது. டீ கிளாஸை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். மறுநாள் உன்னை ஏற்றப் போகவில்லை. நீ பஸ்ஸில் போனாய். நாற்பது நாள் ஒரே தெருமுனையில் நின்றுகொண்டு பேசாமல் இருந்தோம். நாற்பத்தோராம் நாள் லேபில் ஸ்டூலிலேயே சாய்ந்துவிட்டாய் என்று டீக்கடையில்தான் சொன்னார்கள்.

உன் பதினாறாம் நாள் முடிந்த வாரமே கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் நடக்கிற முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை. உன் மேல் இருந்த வீம்பில்தான் சேர்ந்தேன். ஆனால் டீச்சரம்மா போர்டில் எழுதிய ஒரு சொல் திடீரென்று சத்தமாக மாறி வாய்க்குள் வந்த நாளில் வீம்பு எங்கே போனது என்று தெரியவில்லை. வீடு வரைக்கும் கடை போர்டெல்லாம் படித்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு சவாரி இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திட்டு வாங்கினேன்.

படிக்க வந்ததும் நீ செய்த பக்கங்களை ஒவ்வொன்றாக போனில் திறந்தேன். எனக்கென்று எங்காவது ஒரு சொல் விட்டிருப்பாயா என்று தேடினேன். உன் மனைவி லேப்டாப்பையும் கொடுத்தாள், அதையும் ஒரு மாதம் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பாத்திரம், பட்டுப்புடவை, வாழை இலை, பச்சை வட்டம். அவ்வளவுதான். உனக்கு அது தோன்றியிருக்காது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இந்த மாதம் அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். தரமணிப் பக்கம் ஏதோ கம்பெனியில் புதுப் பக்கம் செய்யக் கொடுத்திருக்கிறார். "நீரு பாத்து நல்லாருக்குன்னா வெளிய விடுதேன். அவரு அப்படித்தானே செய்வாரு" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் படித்தேன், சுகமாக இருந்தது. "தொடர்புக்கு" என்று எழுதியிருந்ததைத் தொட்டேன், போன் போனது. நல்லாருக்கு அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். படித்துத்தானே கண்டுபிடித்தேன். உனக்கு வேலைக்காகாத கண் இப்போது எனக்கு.

அவர் போனை வாங்கிக்கொண்டு மந்தைவெளி மார்க்கெட்டில் பூ விற்கிற முனியம்மாவிடம் போனேன். என் வயதுதான் அவளுக்கு. கைநாட்டு.

"முனியம்மா, இந்தக் கடைக்குப் போன் போடு பாக்கலாம்."

"இன்னாத்துக்கு? எனுக்குப் பட்டுப்புடவ வாங்கித் தரப்போறியா?"

"போடு, சொல்றேன்."

நான் கையைக் கட்டிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் திரையைத் தடவினாள். மாலை போட்ட ஐயா படத்தையே மறுபடி மறுபடி அமுக்கினாள்.

"இந்தாளுதான் பெருசா கீறாரு. செத்துப்போனவருக்கா போன் போடச் சொல்ற?"

அண்ணாச்சியிடம் போய் அதை அப்படியே சொன்னேன். சண்டை போட்டார். நானும் போட்டேன். இரண்டு நாள் கழித்து, முதல் தடவையாக ஐயா கீழே இறங்கினார். அதே இடத்தில் போன் படம் ஏறியது. முனியம்மா ஒரே தொடலில் பிடித்துவிட்டாள். ஒரு வருஷம் மல்லுக்கட்டியும் உன்னால் முடியாததை அவள் செய்துவிட்டாள். சொன்னால் உனக்கு எரிச்சலாக இருக்கும், சொல்கிறேன்.

அன்றைக்கே அவள் கேட்டாள். "ஆமா, இந்த எழுத்தெல்லாம் நீ எங்க போய்க் கத்துக்கினே? என்னையும் சேத்துவுடேன்."

அண்ணாச்சியின் தம்பி தன் கடைக்கும் ஒன்று பார்த்துத் தரச் சொல்லியிருந்தார். பாண்டி பஜாரில் இன்னொருவரும் கேட்டிருந்தார். முனியம்மாவைப் போல ஒரு கண் எங்கே கிடைக்கும்? "இந்த வேலை முடியட்டும்" என்ற உன் வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, வாத்யாரே. உன் குரலிலேயே வந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன். டீக்கடையில் நீ டீயை ஊதிக்கொண்டு என்ன நினைத்தாய் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் உன்னை விட்டுவிடுகிறேன் என்று நினைக்காதே.

"நாலரை மணிக்குக் கடையைக் கட்டிட்டு வா, கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

நேற்றோடு நாலு வகுப்பு ஆகிறது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவளிடம் பேசிக்கொண்டே எழுதுகிறாள். டீச்சரம்மாவிடம் கேட்டேன். ஆறு மாதத்தில் முழுசாகப் படித்துவிடுவாள் என்கிறார்கள். அதற்குள் எத்தனை பக்கம் காட்டமுடியுமோ அத்தனையும் அவளிடம் காட்டிவிடுவேன். அதற்கப்புறம் வேறு ஆள் தேடவேண்டும். கிடைப்பார்கள். நம் ஏரியாவில் என்றைக்கும் கிடைத்திருப்பார்கள்.

நீயும் இப்படியே செய்திருக்கலாம்.